கட்டளையும் மனச்சாட்சியும்

ஜிந்துப்பிட்டியில் வாழ்பவனுக்குக் கடல் தூரத்துப் பொருளன்று. முருகன் கோயிலிலிருந்து சற்று நடந்தால் துறைமுகம். கப்பற் சரக்கைத் தோளிலே சுமந்த தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி இது. ஆயினும், அத்துறைமுகத்தைக் காவல் செய்யும் வெண்சீருடை அதிகாரிகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றனர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கவேண்டிய காரணம் நமக்கு உண்டு.

முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் பெயரைத் தாங்கிய பாதுகாப்புக் கல்விக்கழகம், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரத்மலானையில் அமைந்து, பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பயிலும் கடற்படைப் பயிலிளவல் ஒரே வேளையில் மாணவனாகவும் படையினனாகவும் விளங்குகின்றான். விரிவுரை மண்டபம் அவனை 'ஏன்?' என்று கேட்கத் தூண்டுகின்றது. அணிவகுப்புத் திடல் அக்கேள்வியை அடக்கப் பழக்குகின்றது. மூத்த பயிலிளவல்கள் சிலரை இளையோருக்குத் தலைவராக மேலதிகாரிகள் நியமிப்பது இத்தகைய கழகங்களின் பொது மரபு. இங்கேதான் நமது வினா எழுகின்றது. மேலிருந்து நியமிக்கப்பட்டவன் மாணவரின் தலைவனா, அன்றி மாணவரிடையே நீண்டிருக்கும் கட்டளையின் கையா?

கட்டுப்பாட்டை இகழ்வது நமது நோக்கமன்று. புயலிலே சிக்கிய கப்பலில் விவாதம் நடத்த இயலாது. ஒருவன் ஆணையிட, ஏனையோர் கயிற்றைப் பற்றவேண்டும். வறிய வீட்டுப் பிள்ளைக்குப் படைச்சேவை வழியாகக் கிட்டும் உயர்கல்வியும் எள்ளத்தக்கதன்று. ஆனால், அப்புயற்கணத்தின் நியதியை வாழ்வு முழுமைக்கும் நியதியாக்குவதே தவறு. கீழ்ப்படிதல் ஒரு திறன், அறமன்று. கப்பலைக் காக்கவும் அது பயன்படும், கொலைக்கும் அது பயன்படும்.

கடற்படையிலேயே வேறொரு தலைமை தோன்றியதை வரலாறு காட்டுகின்றது. 1946 பெப்ரவரி 18ஆம் நாள், பம்பாயிலிருந்த 'தல்வார்' பயிற்சித் தளத்து மாலுமிகள் இழிந்த உணவையும் இனவெறி வசைகளையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் அது எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. அவர்கள் தம்முள்ளிருந்தே ஒரு குழுவைத் தெரிவு செய்தனர், எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத்தலைவராகவும் விளங்கினர். அத்தலைவர்களுக்குப் பட்டியும் இல்லை, பதக்கமும் இல்லை. தோழர்களின் நம்பிக்கையே அவர்களது அதிகாரமாயிருந்தது. போராட்டம் ஒரு வாரத்துக்குள் ஓய்ந்தது. வேலையிழந்த மாலுமிகளைப் பின்னர் விடுதலை பெற்ற அரசுகளும் மீண்டும் படையிற் சேர்க்கவில்லை என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

இனி நமது அயலுக்கு வருவோம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டு மறைந்தனர். பெரும்பாலோர் இளைஞர், மாணவரும் அவர்களுள் இருந்தனர், கொட்டாஞ்சேனைவாசிகளும் இருந்தனர். கொழும்பிலும் திருகோணமலையிலும் உள்ள கடற்படைத் தளங்களில் அவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர் என்று புலனாய்வாளர் நீதிமன்றத்திற் கூறினர். யார் குற்றவாளி என உரைப்பது நீதிமன்றத்தின் பணி. நமது வினா வேறு. தளமொன்றில் மனிதரை மறைத்து வைப்பதாயின், வாயிலைத் திறப்பவன் ஒருவன், காவல் நிற்பவன் ஒருவன், சோறு கொண்டு செல்பவன் ஒருவன் வேண்டும். 'எனக்கு இட்ட கட்டளை' என்று ஒவ்வொருவனும் கூறலாம். அவ்விடையை 1946இலேயே நூரெம்பேர்க் தீர்ப்பு ஏற்க மறுத்தது. கண்டதைப் புலனாய்வாளரிடம் சொல்ல முன்வந்த கடற்படையினரும் இருந்தனர். அவர்களை யாரும் தலைவராக நியமிக்கவில்லை. ஆயினும், தலைமை என்னும் சொல்லுக்குப் பொருள் தந்தவர்கள் அவர்களே.

நமது ஆட்சியாளரோ தலைமையை முகாமிலே தேடினர். 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்க்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் 'தலைமைத்துவப் பயிற்சி' தொடங்கப்பட்டது. 2021இல் கொத்தலாவல பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தை விரிக்கும் மசோதா வந்தபோது மாணவரும் ஆசிரியரும் தெருவுக்கு வந்தனர். அவ்வாண்டு ஜூலையில், இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலர் கைதாகினர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், தொற்றுத் தடுப்பு என்ற பெயரில் அவர்கள் முல்லைத்தீவிலுள்ள விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மேலிருந்து வந்த தலைமைக்கு முகாம் பயிற்சிக்கூடமாயிற்று. கீழிருந்து எழுந்த தலைமைக்கோ அதுவே தடுப்புக்கூடமாயிற்று!

ஆதலின், சீருடை அணிந்த மாணவனை நாம் பகைவனாகக் கருதுதல் தகாது. அவனும் நம் மக்களின் பிள்ளையே. அவனுக்காகவே நாம் கோரவேண்டியது ஒன்றுண்டு. சட்டத்துக்கு மாறான கட்டளையை மறுக்கும் கடமையை அவனுக்குக் கற்பித்தல் வேண்டும். 'ஏன்?' என்று கேட்கக்கூடிய ஓரிடமாவது அவனுக்கு இருத்தல் வேண்டும். அவ்விடமே பல்கலைக்கழகம். அதனையும் பாசறையாக்கிவிட்டால், நாளை ஓர் இரவில், பூட்டிய கதவொன்றின் முன் காவல் நிற்கும் இளம் அதிகாரிக்கு உள்ளிருந்து வரும் குரல் கேட்கும். ஆனால் அது ஒரு மனிதனின் குரல் என்பது அவனுக்கு விளங்காது போகும்.