கல்லூரி மாறுவது நன்றி மறத்தலாகுமா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மவர் நாவில் ஊறிய வாக்கு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதும் அப்படியே. இவ்விரண்டையும் ஒரே மூச்சில், தம் பிள்ளையைக் குறித்து, நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு தூரம் நியாயம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பரின் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். உலகமெல்லாம் பெயர் பரவிய கல்லூரியன்று அது. ஆயினும் விண்ணப்பிப்போரில் பலரைத் திருப்பி அனுப்பி, சிலரையே சேர்த்துக்கொள்ளும் நல்லதொரு சிறு கல்லூரி. கட்டணத்தில் ஏறக்குறையப் பாதியை அக்கல்லூரியே உபகாரச் சம்பளமாகக் கொடுக்கிறது. மீதியைத் தகப்பனார் தம் சேமிப்பிலிருந்து கட்டி வருகிறார். முதலாண்டு பாதி கடந்ததும் பையனிடமிருந்து செய்தி வந்தது: "அத்தா, நான் வேறு கல்லூரிக்கு மாற விண்ணப்பம் போடப் போகிறேன். ஏழு கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்."

நண்பர் கொதித்துப் போனார். "முன்பின் அறியாத பிள்ளைக்கு இடமும் கொடுத்துப் பாதிச் சம்பளத்தையும் கொடுத்தார்களே! ஓராண்டு முடியுமுன்னே அடுத்த வீட்டுப் பந்தியை எட்டிப் பார்க்கிறானே!" என்றார். பிள்ளையின் தாயாரோ, "பெரிய இடத்தில் படித்தால் பெரிய வேலை கிடைக்கும். அவன் நல்லதைத்தானே தேடுகிறான்?" என்றார். இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டனர். யான் காஜியும் அல்லன். கல்லூரித் தலைவனும் அல்லன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றுக்கு மாற விண்ணப்பிப்பது வழக்கமான காரியம். பல கல்லூரிகள் மார்ச்சு மாதத் தொடக்கத்திற்குள் விண்ணப்பத்தைக் கேட்கின்றன. முடிவு மே மாதத்தை ஒட்டி வரும். மாணவன் தான் ஏன் மாற விரும்புகிறான் என்பதைக் கட்டுரையாக எழுதவேண்டும். இப்போது படிக்கும் கல்லூரியின் மதிப்பெண்களும், அங்குள்ள ஆசிரியரின் சிபார்சுக் கடிதமும், இவன் நல்ல நிலையில் இருக்கிறான் என்று அக்கல்லூரி அலுவலர் நிரப்பித்தரும் பத்திரமும் போகவேண்டும். அதாவது, எந்த வீட்டை விட்டுப் புறப்படுகிறோமோ அந்த வீட்டாரிடமே நற்சான்று வாங்கிக்கொண்டு புறப்படவேண்டும். பையனின் சங்கடமும் இதுதான். "மாமு, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் முகத்தைப் பார்த்து இதை எப்படிக் கேட்பேன்?" என்று தொலைபேசியில் என்னிடம் கேட்டான்.

இனி விஷயத்துக்கு வருவோம். கொடுக்கல் வாங்கல் முறையில் பார்த்தால் பையன் மேல் குற்றமில்லை. உபகாரச் சம்பளம் அந்தந்த ஆண்டுப் படிப்புக்காகக் கொடுத்தது; அது பையனை விலைக்கு வாங்கிய பணமன்று. கல்லூரிகளும் இவ்விஷயத்தில் தங்கள் வசதியையே பார்க்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 1990 ஆம் ஆண்டில் மாறி வருவோர்க்குக் கதவை அடைத்தது. 2018 ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறந்தது. ஹார்வர்டு 2008 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த பிறகு, விடுதியில் இடமில்லை என்று காரணம் காட்டி, இரண்டாண்டுகளுக்கு எவரையும் மாற்றிச் சேர்ப்பதில்லை என அறிவித்தது. மனத்தாலே புறப்பட்டுவிட்ட மாணவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க நேர்ந்தது. கல்லூரி தன் சௌகரியத்தைப் பார்க்கும்போது மாணவன் மட்டும் பார்க்கலாகாது என்பது என்ன நீதி?

ஆனால் நன்றி என்பது கணக்குப் புத்தகத்தோடு முடிகிற சங்கதியா? கல்லூரி என்பது கட்டடமும் அலுவலகமும் மட்டுமன்று. மாலை நேரத்தில் தம் அறையில் உட்கார வைத்து, விளங்காத கணக்கை மூன்றாம் முறையும் விளக்கிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பனிக்காலத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்து கொடுத்த அறைத்தோழன் ஒருவன் இருக்கிறான். கடன் இவர்களிடத்திலேதான் இருக்கிறது. "நீ படித்து முடிக்கும் வரை இங்கேயே இரு" என்று அவர்கள் கேட்கவில்லை. இருக்கும் நாளில் இருப்பவனாக இரு என்பதே அவர்கள் கேளாமற் கேட்பது.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சேர்ந்த நாள்முதலே வேறிடத்தை நினைப்பவன் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்துக்கொண்டிருப்பவன். அவன் சகமாணவரின் பெயரை மனத்தில் வாங்குவதில்லை. எப்படியும் போகப்போகிறவன்தானே என்று சங்கங்களில் சேர்வதில்லை. ஆசிரியரையும் சிபார்சுக் கடிதமாகவே பார்க்கிறான். பெரும் பெயர் பெற்ற கல்லூரிகளில் சேர்ந்தவர் விலகுவது அரிது. ஆகவே மாறி வருவோர்க்கு அங்கு இடமும் அரிது. விண்ணப்பித்தவரில் மிகப் பலர் மறுக்கப்படுவர். அப்படி மறுக்கப்பட்டவன் செப்டம்பரில் அதே வகுப்பில், அதே நாற்காலியில் வந்து உட்காரவேண்டும். அக்கரையும் கிட்டவில்லை; இக்கரையிலும் வேர் பிடிக்கவில்லை. அவனுக்கு நேர்ந்த நஷ்டம் ஓராண்டு. அந்த ஆண்டை யார் திருப்பித் தருவார்?

அப்படியானால் மாறவே கூடாதா? அப்படிச் சொன்னால் சரித்திரம் நகைக்கும். நம் சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் இயூ 1946 ஆம் ஆண்டில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டன் வாழ்க்கை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போர் முடிந்து திரும்பிய வீரர்களால் ஆங்கில நாட்டுக் கல்லூரிகள் நிரம்பி வழிந்த காலம் அது. ஆயினும் முயன்று, 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கு மாறி, சட்டம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய பராக் ஒபாமா, லாஸ் ஏஞ்சலிஸில் ஆக்ஸிடெண்டல் கல்லூரியில் ஈராண்டு படித்து, 1981 ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்திற்கு மாறினார். பெருஞ்செல்வர் வாரன் பஃபெட்டோ இதற்கு மாறாகச் செய்தார். 1947 ஆம் ஆண்டில் புகழ்மிக்க பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தவர், பின்னர் அதை விட்டுத் தம் சொந்த மாநிலமாகிய நெப்ராஸ்காவின் பல்கலைக் கழகத்திற்குத் திரும்பிப் பட்டம் பெற்றார். மாறுவது என்றால் மேலே ஏறுவதுதான் என்று நினைப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆகவே மாறுவதா கூடாதா என்பதைவிட, எதற்காக மாறுகிறோம் என்பதே பெரிய கேள்வி. எச்செயலுக்கும் நிய்யத்தைக் கேட்பது நம்மவர் வழக்கம். படிக்க விரும்பும் பாடம் அங்கில்லை, கட்டணம் தாங்கவில்லை, வீட்டில் நோயாளி இருக்கிறார், மனம் ஒடிந்துவிட்டது என்பன போன்ற காரணங்களை எவர் முன்னிலையிலும் சொல்லலாம். பெயருக்காகப் போகிறேன் என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

பெயரைத் தேடுவது வெறும் பகட்டு என்று தள்ளிவிட யான் துணியமாட்டேன். பட்டத்திலுள்ள கல்லூரிப் பெயரைப் பார்த்தே கதவைத் திறக்கும் முதலாளிமார் இருக்கின்றனர். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் என்பது சோறு. அந்தத் தாயார் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சோற்றுப் பசிக்கு ஓர் அளவுண்டு. பெயர்ப் பசிக்கு அளவில்லை. பத்தாவது இடத்துக் கல்லூரியில் இருப்பவனுக்கு ஐந்தாவதின் மேல் கண். ஐந்தாவதில் இருப்பவனுக்கு முதலாவதின் மேல் கண். போதும் என்று சொல்லுமிடம் எது என்பதைப் புறப்படுமுன்பே அவன் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

நிற்க. இவ்வழக்கில் வாய் திறவாமல் நிற்கும் மூன்றாம் ஆள் ஒருவர் உண்டு, அவரை மறந்துவிடலாகாது. கலிஃபோர்னியா மாநிலம் 1960 ஆம் ஆண்டில் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பணமும் மதிப்பெண்ணும் குறைந்தவர்கூட ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேரலாம். அங்கே திறமை காட்டினால் பல்கலைக் கழகத்தின் மூன்றாமாண்டிற்குப் போகலாம் என்பது அதில் ஒரு முக்கிய ஏற்பாடு. இன்றும் கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகம், மாறி வருவோருள் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர்க்கே முதலிடம் தருகிறது. பிரின்ஸ்டன் 2018 இல் கதவைத் திறந்தபோதும் வசதி குறைந்தோர், படையில் பணியாற்றியோர், சமுதாயக் கல்லூரியில் படிப்போர் ஆகியோரையே முக்கியமாக மனத்திற்கொண்டது. பகலில் வேலை செய்து இரவில் படித்து, முதன்முறையாக ஒரு நல்ல வாய்ப்பைக் கேட்டு நிற்பவர் வரிசையிலே, நல்ல நாற்காலியில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவனும் போய் நிற்கிறான்.

அவன் நிற்கவே கூடாது என்று யான் சொல்லவில்லை. யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பது கல்லூரியின் பொறுப்பு. ஆனால் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை அறிந்து நிற்கவேண்டும். பொய் சொல்லி அவரை முந்தலாகாது. இருக்கும் பாடத்தை இல்லையென்றும், அன்பு காட்டிய இடத்தை அலட்சியம் செய்த இடமென்றும் எழுதிக் கட்டுரையை அழகுபடுத்துவோர் உண்டு. அது உண்ட வீட்டைத் தூற்றுவதோடு, இல்லாதவன் கையிலிருப்பதைப் பறிப்பதும் ஆகும்.

இவற்றையெல்லாம் யோசித்தபின் பையனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "தம்பி, உன் காரணங்களை ஒரு தாளில் எழுது. அதை எடுத்துக்கொண்டு போய் உன் பேராசிரியர் முன்னிலையில் படி. படிக்க முடிந்ததை வைத்துக்கொள். நா எழாததை அடித்துவிடு."

இரண்டு வாரம் கழித்து அவன் பேசினான். தாளில் மூன்று காரணங்கள் இருந்தனவாம். கட்டுமானப் பொறியியல் படிக்க ஆசை வந்திருக்கிறது. அக்கல்லூரியில் பொறியியல் துறை இல்லை. இதைத் தயங்காமல் சொல்லிவிட்டான். ஊர் சிறியது, தனிமை வாட்டுகிறது என்பது இரண்டாவது. அதைப் படிக்கும்போதே, தான் எந்தச் சங்கத்திலும் சேராமல் அறைக்குள் இருந்ததுதான் பாதித் தனிமைக்குக் காரணம் என்று தோன்றியதாம். மூன்றாவது, பெயர். அதற்கு நா எழவில்லை.

பேராசிரியர் கோபிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "மூன்றாண்டு இங்கே, இரண்டாண்டு பொறியியல் உள்ள பல்கலைக் கழகத்திலே, முடிவில் இரண்டு பட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கொலம்பியா முதலியவை பல சிறு கல்லூரிகளோடு இவ்விதம் உடன்பாடு வைத்திருக்கின்றன. அதை யோசித்தாயா?" என்று கேட்டாராம். பையன் யோசித்தான். ஐந்தாண்டுக் கட்டணம் அத்தாவால் ஆகாது என்பதை ஒளிக்காமல் சொன்னான். மாறினாலும் படித்த பாடங்கள் எல்லாம் புதிய இடத்தில் கணக்கில் வரமாட்டா என்பதையும், வெளிநாட்டு மாணவர் மாறி வந்தால் உபகாரச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் குறைவு என்பதையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

குறித்து வைத்த ஏழு கல்லூரிகளில் ஐந்தை அவனே அடித்துவிட்டான். அவற்றுள் மூன்று உலகமறிந்த பெயர்கள். எஞ்சிய இரண்டுக்கு மட்டும் விண்ணப்பம் போயிருக்கிறது. சிபார்சுக் கடிதத்தைப் பேராசிரியர் மனமுவந்து எழுதிக் கொடுத்தார். பையன் இப்போது வாரம் ஒருநாள் மாலையில், முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறான். போகப்போகிறவனுக்கு இது எதற்கு என்று தகப்பனார் கேட்டபோது, "போகும்வரை இருக்கிறேனே, அத்தா" என்றானாம்.

முடிவு மே மாதத்தில்தான் தெரியும். இடம் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். நண்பர் இன்னும் முழுச் சமாதானம் அடைந்தவராகத் தெரியவில்லை. அவருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம்மில் பலருடைய பாட்டன்மார் ஊரை விட்டுக் கப்பலேறி இங்கு வந்தவர்கள். அவர்கள் புறப்பட்டதை ஊரார் யாரும் நன்றி மறத்தல் என்று சொன்னதில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு புறப்பட்டார்கள். வந்த இடத்திலிருந்து காகிதம் எழுதினார்கள். இயன்றபோது பணமும் அனுப்பினார்கள். சொல்லாமல் ஓடிப்போனவனைத்தான் ஊர் வேறுவிதமாகப் பேசியது. கல்லூரி மாறும் பிள்ளைக்கும் இதுவே அளவுகோல். சொல்லிக்கொண்டு போகத்தக்க காரணம் இருந்தால் அவன் போகட்டும். அப்படிப்பட்ட காரணம் இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே மனமூன்றிப் படிக்கட்டும்.