பெயர் வெட்டிய பாத்திரம்

சித்தன்னவாசலுக்குச் செல்வோருள் பலர் அறிவர் கோயிலின் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்து அத்துடன் திரும்பிவிடுகின்றனர். குன்றின் மேலேறிக் கடந்து, பாறையில் வெட்டப்பட்ட சிறு படிக்குழிகளில் காலூன்றிச் சென்றால் ஏழடிப்பட்டம் எனும் இயற்கைக் குகைத்தளத்தை அடையலாம். அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தப்பட்டு, வழவழப்பாக இழைக்கப்பட்டவை அவை. அவற்றுள் பெரியதொன்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழி எழுத்துகள் காணப்படுகின்றன. எருமி நாட்டுக் குமிழூரிற் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பார் செய்தளித்த இருக்கை இஃது என்பது அவ்வெழுத்துகளின் கருத்து. வேறு சில படுக்கைகளில் பிற்காலத்துத் துறவியரின் பெயர்களும் உண்டு.

சென்ற தை மாதத்தில் தம்பி மகன் குடும்பத்தாருடன் யாத்திரையாகச் சென்றிருந்தபோது அவ்வெழுத்துகளின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அங்கே படுத்துறங்கிய மாமுனிவர்க்கு உடைமை என்று சொல்லத்தக்கவை மயிற்பீலியும் கமண்டலமுமே. உடலைக் கிடத்திய கல்லும் பிறர் செய்து தந்தது. கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது என்பது மெய்தான். ஆயினும் அது 'இஃது என்னுடையது' என்று சொல்லும் பெயரன்று. 'இஃது இவர்க்குக் கொடுக்கப்பட்டது' என்று சொல்லும் பெயர்.

அன்று பிற்பகலே காரைக்குடிக்குச் சென்றோம். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. தம்பி மகனுக்கு அவற்றைக் காணும் ஆவல். பர்மாத் தேக்குப் பெட்டிகள், சுவீடன் நாட்டு எனாமல் தூக்குகள், ஜப்பானியப் பீங்கான் தட்டுகள், சாயம் ஏற்றிய கண்ணாடிக் கூஜாக்கள், நெளிவு விழுந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்புகள், ஆளுக்கொரு மணி காட்டி நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரெழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. மகளுக்குச் சீர் கொடுக்கும்போது பெயர் வெட்டிக் கொடுப்பது நம் குடும்பங்களிலும் இருந்த வழக்கமன்றோ? யாரோ ஒரு தாய் தன் மகளுக்கென்று வெட்டுவித்த எழுத்துகள், விலைச்சீட்டு ஒட்டப்பட்டு அங்கே கிடந்தன.

அவை அங்கே வந்த வரலாறு ஊரறிந்தது. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பெருமக்கள் ஈட்டிய செல்வத்தால் மாளிகைகள் எழுந்தன. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது பலருடைய முதல் அங்கேயே முடங்கிற்று. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராயினர். பராமரிக்க இயலாத வீடுகள் இடிக்கப்பட்டன. பொருள்கள் தெருவிற்கு வந்தன. 1927ஆம் ஆண்டு செப்டம்பரில் செட்டிநாட்டிற்கு வந்த காந்தியடிகள், வீடுகளுக்குள் காற்றுக்கும் இடமின்றி அயல்நாட்டுச் சாமான்கள் அடைந்து கிடப்பதைக் கண்டு, இவற்றை அழகுபடுத்தும் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைத்தால் செலவில் மிகச் சிறு பங்கிலேயே இதனினும் நன்றாகச் செய்து தருவதாக நகைச்சுவையோடு கடிந்துரைத்தார். அவர் கண்ட சாமான்களுள் சில அன்று எம் கண்ணிலும் பட்டிருக்கலாம்.

எம்மையும் மறைக்க வேண்டுவதில்லை. நீலப்பூ எழுதிய பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்து, இருமுறை விலை கேட்டோம். காலையில் கற்படுக்கையின் முன் அமர்ந்திருந்ததும் இதே கைகள்தாம்.

அப்பொழுதுதான் தம்பி மகன் சொன்னான்: "அத்தை, நம் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கடிகாரம் கிடக்கிறதே. பாட்டியின் வெள்ளிச் சாமான்களும் பெட்டியில் தூங்குகின்றன. நல்ல ஏல நிறுவனத்தில் கொடுத்தால் எதிர்பாராத விலை வரும். மிகுபொருள் விரும்பாமை என்று எங்களுக்குப் பாடம் சொன்னவர் நீங்கள்தானே? விற்றுவிட்டால் பாரம் குறையாதா?"

எமக்கு உடனே விடை வரவில்லை. விற்பது துறப்பாகுமா? அவன் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் வினா விளையாட்டானதன்று.

உமாசுவாமி ஆச்சாரியார் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்து, பொருளைச் சுட்டாமல் மூர்ச்சையையே சுட்டுகின்றார். தமிழில் மூர்ச்சை என்றால் மயங்கி விழுதல் என்று சிறுபிள்ளையும் அறியும். பொருளின்மேல் வைத்த பற்றினால் தன் நிலை மறத்தலே உடைமை. பொருள் வெறும் நிமித்தம். எனவேதான் இல்லறத்தார்க்கு முழுத்துறவு விதிக்கப்படாமல், இவ்வளவே போதும் என்று எல்லை வரையும் அணுவிரதம் விதிக்கப்பட்டது. இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், பூட்டிய பெட்டிக்குள் முப்பது ஆண்டுகளாகக் கிடக்கும் வெள்ளியைக் காத்துக்கொண்டிருப்பது துறவன்று என்பது தெளிவு. தம்பி மகன் பாதி சரியாகவே சொன்னான்.

மறுபாதி ஏலத்தைப் பற்றியது. கடையில் வெள்ளிக்கு எடையும் கூலியும் பார்த்து விலை வைப்பர். ஏலத்திலோ இருவர் விட்டுக்கொடுக்க மறுப்பதே விலையாகின்றது. ஒருவர் மட்டுமே விரும்பினால் தொடக்க விலையோடு பொருள் போய்விடும். இரண்டாமவர் வந்து சேர்ந்தால்தான் ஏறும். ஏலக்காரர் விற்பவரிடத்தும் வாங்குபவரிடத்தும் கழிவு பெறுகின்றாராதலால், அம்மயக்கத்தை நீட்டிப்பதே அவர் தொழில்நுட்பம். ஆசையை எடைபோடும் தராசு உண்டெனில் அது ஏலமே.

மேலும் அங்கே விலைபோவது பெரும்பாலும் பெயர்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் கடிகாரங்களுக்கு மட்டுமன்றி, தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த 'சுவாமி வெள்ளி'க் கலங்களுக்கும் பெயர் பெற்றிருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமாருக்காகச் செய்யப்பட்ட அத்தேநீர்க் கலங்கள் இன்று இலண்டன் ஏலங்களில் வெள்ளியின் விலையினும் பன்மடங்கு பெறுகின்றன. அதே காலத்தில், அதே திறமையோடு, ஊர்த் தட்டான் செய்த கிண்ணம் உருக்குவிலைக்கே போகும். அவன் தன் பெயரை வெட்டவில்லை.

பெயரின் விலை எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க்கில் நிகழ்ந்ததே சான்று. கடிகார ஏலத்திற்குப் புகழ்பெற்ற ஆன்டிகோரம் நிறுவனத்தார் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம், செனித் என்னும் சுவிட்சர்லாந்து வெள்ளிச் சட்டைப்பைக் கடிகாரம் ஆகியவற்றை ஒரே தொகுதியாக ஏலமிட்டனர். மதிப்பீடு 20,000 முதல் 30,000 டாலர் வரை. இந்திய அரசு தடுக்க முயன்றது; வழக்கும் நடந்தது. இறுதியில் 18 லட்சம் டாலருக்கு மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா அவற்றை வாங்கினார். வாழ்நாளெல்லாம் மதுவிலக்கைப் பேசியவரின் உணவுத்தட்டு அது! உடைமையைக் குறைத்துக்கொண்டே சென்றவரின் எஞ்சிய சில பொருள்கள், அக்குறைத்தலின் காரணமாகவே விலை மிகுந்தன.

அக்கடிகாரத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1947இல் இரயில் பயணத்தின்போது கான்பூரில் அது களவு போயிற்று. அடிகள் வருந்தினார், நேரந்தவறாமை அவருக்கு ஒரு நோன்பு. சில மாதங்கள் கழித்து, எடுத்தவர் தாமே வந்து திருப்பிக் கொடுத்து மன்னிப்பு வேண்டினார். ஒரே கடிகாரத்தை ஒருவர் விலையின்றித் திருப்பித் தந்தார். மற்றவர் 18 லட்சம் டாலர் கொடுத்து அடைந்தார். மூர்ச்சை தெளிந்தவர் யார் என்று கேட்டால் யாம் அந்தக் கள்வரையே காட்டுவோம்.

அப்படியாயின் ஏலமே பாவம் என்று விலக்கிவிடலாமா? அதுவும் பொருந்தாது. 1933-34ஆம் ஆண்டுகளில் அரிசன நிதிக்காக நாடெங்கும் சுற்றிய காந்தியடிகள், தமக்கு வரவேற்பிதழ் வைத்தளிக்கப்பட்ட வெள்ளிப் பேழைகளையும், பெண்கள் கழற்றித் தந்த அணிகலன்களையும் கூட்டத்திலேயே ஏலம் கூறினார். இரட்டை விலை, மும்மடங்கு விலை என்று சிரித்துக்கொண்டே ஏற்றினார் என்பர். பணம் நிதிக்குச் சென்றது. மறுநாள் அவர் கை மீண்டும் வெறுங்கை. நம் சமயப் பெருவிழாக்களில் கலசாபிடேகத்திற்கு ஏலம் கூறும் வழக்கமும் இவ்வகையதே. வென்றவர் வீட்டிற்கு எடுத்துச் செல்வது ஒன்றுமில்லை. (தம் பெயர் ஒலிபெருக்கியில் மும்முறை கேட்க வேண்டும் என்பதற்காகவே தொகை ஏற்றுவோரையும் கண்டிருக்கிறோம். அங்கேயும் பெயர் வந்து அமர்ந்துகொள்கிறது.)

வாணிகமும் மூர்ச்சையும் ஒன்றல்ல என்பதற்கு அடிகளின் ஆன்மிக வழிகாட்டியாகிய ஸ்ரீமத் ராஜசந்திரரே சான்று. மும்பையில் முத்தும் வைரமும் விற்றவர் அவர். வணிகப் பேச்சு முடிந்த அக்கணமே சமயக் குறிப்பேட்டைத் திறந்துவிடுவார் என்று காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் வியந்து எழுதியிருக்கின்றார்.

ஆனால் விற்கத் துணிவோர் கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். களவுக்குத் தூண்டுதல், களவாடிய பொருளை ஏற்றல், அரசின் ஆணையை மீறுதல், எடையிலும் அளவையிலும் பொய், போலியை மெய்யென விற்றல். பழம்பொருட் சந்தைக்கென்றே வகுத்தவை போலன்றோ இவை இருக்கின்றன? எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குபவர், கேளாமையாலேயே இரண்டாம் குற்றத்தில் வீழ்கின்றார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது. அறிவுமதிப்புடைய சுவடிகளுக்கு 75 ஆண்டே எல்லை. இல்லங்களில் ஏட்டுச் சுவடி வைத்திருப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். எடைப்பொய்யை யாம் நேரிலேயே அறிவோம். எவர்சில்வர் புதுமையாயிருந்த காலத்தில் ஊருக்கு வந்த வியாபாரி ஒருவர், எம் அன்னையாரின் வெண்கலப் பானையைத் தம் தராசில் நிறுத்து, இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொடுத்துச் சென்றார். பிறகு கணக்குப் பார்த்தபோது பானையின் எடையில் பாதியே கணக்கிற்கு வந்திருந்தது.

இல்லத்துப் பொருள் வேறு, வழிபாட்டுப் பொருள் வேறு. பிப்ரவா தூபியில் புத்தர் பெருமானின் எச்சங்களோடு கிடைத்த மணிகளை 2025ஆம் ஆண்டு மே மாதம் ஹாங்காங்கில் சோத்பி நிறுவனத்தார் ஏலமிட இருந்தனர். இந்திய அரசின் எதிர்ப்பால் ஏலம் நின்றது. சூலையில் கோத்ரெஜ் குழுமத்தின் துணையோடு அவை தாயகம் மீண்டன. அம்மணிகளைத் தூபியில் இட்டவர்கள் அவற்றை விலைக்கென்று இடவில்லை. நம் ஊர் ஜினாலயங்களில் உள்ள பழைய தீபத்தட்டும் சாமரக் காம்பும் மணியும் அத்தகையனவே. தளக்கல் மாற்றப் பணம் வேண்டுமென்று அவற்றை விலைபேசும் எண்ணம் ஓரிரு ஊர்களில் எழுந்ததாகக் கேள்வியுற்று வருந்துகிறோம். தானமாகக் கொடுத்தவர் தம் உரிமையை விட்டுவிட்டார். பெற்றுக்கொண்ட நமக்கோ விற்கும் உரிமை எப்பொழுது வந்தது? ஏழடிப்பட்டத்துக் கல்லை அங்கே உறங்கியவர் யாருக்கும் விற்கவில்லை.

இனி எம் இல்லத்துச் செய்தி. யாத்திரை முடிந்து திரும்பியதும் தங்கையையும் அழைத்து, பெட்டியைத் திறந்து, 11 வெள்ளிப் பொருள்களையும் பாயில் பரப்பினோம். சந்தனக் கிண்ணத்தைப் பூசைக்கென வைத்துக்கொண்டோம். அன்னையாரின் பெயர் வெட்டிய டம்ளரைத் தங்கை கையிலெடுத்தவள் கீழே வைக்கவில்லை. அது மூர்ச்சைதான் என்று பாடம் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அவளிடமே இருக்கட்டும் என்றோம். நாள்தோறும் அதில் நீர் அருந்த வேண்டும், மீண்டும் பெட்டியில் வைக்கலாகாது என்ற ஒரே நிபந்தனையோடு. எஞ்சிய ஒன்பதும் ஊர்க்கடையில் எடைக்கு விற்கப்பட்டன. பணத்தில் ஒரு பாதி ஆகாரதானத்திற்கும், மறுபாதி படிக்கும் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் ஆயிற்று. ஏலத்தில் இன்னும் வந்திருக்கும் என்று தம்பி மகன் முணுமுணுத்தான். வந்திருக்கலாம்.

கடிகாரத்தை அவன் விற்கவில்லை. எங்கள் இளமையில் அது கூடத்துச் சுவரில் தொங்கியது. அந்தி உணவை ஞாயிறு மறையுமுன் முடிக்க வேண்டுமாதலால், மாலை ஐந்து அடித்ததும் அன்னையார் இலை போட்டுவிடுவார். மழை நாளில் வெயிலைக் கண்டு பொழுதறிய இயலாதபோது, இரவுண்ணாமை விரதத்தை அவருக்குக் காத்துக் கொடுத்தது அக்கடிகாரமே. இக்கதையைக் கேட்டபின் தம்பி மகன் அதனைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொடுத்தான். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்ய அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்பொழுது அது சென்னையில் அவன் வீட்டு உணவறையில் தொங்குகிறது. ஆறு நாளைக்கு ஒருமுறை மருமகள் சாவி கொடுக்கிறாள். ஐந்து நிமிடம் பின்தங்குகிறது என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னான்; அதனால் மாலையில் சற்று முன்னதாகவே உணவுக்கு அமர்ந்துவிடுகிறார்களாம்.