ஸ்பேனரை எடு, தம்பி!

கள்ளக்குறிச்சிப் பக்கம் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே என் பழைய காரின் டிரைவர் சீட்டு முனகியது. வெள்ளிமலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் சாய்மானம் ஒரு விரற்கடை பின்னால் போய், ‘டக்’கென்று திரும்பும். எதிரே மரவள்ளி மூட்டை லாரி. குலசாமியைக் கும்பிட்டேன், வெட்கமில்லை. மறுநாள் ஒரு பட்டறையில், “சீட்டையே மாத்தணும் சார்” என்றார்கள். தொகையைக் கேட்டதும் எனக்கே ஒரு சாய்மானம் தேவைப்பட்டது.

என் வெட்கம் வேறு. அந்த ஆட்டத்தை இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டேனே! பிரித்தால் மாட்டத் தெரியாது என்ற பயம். விழுப்புரத்தின் ஓரத்தில் கிடந்த கள்ளக்குறிச்சியே 2019 நவம்பர் 26-ல் தனியாகக் கழன்று மாவட்டமாக உட்கார்ந்துவிட்டது. உனக்கு நாலு போல்ட்டைக் கழற்றப் பயமா?

பயப்படு, பயப்பட வேண்டிய இடத்தில்! 1994-ல் வோல்வோ பக்கவாட்டு ஏர்பேக்கை முன்சீட்டுச் சாய்மானத்துக்குள்ளேயே வைத்தது. இன்று பல கார்களில் அது உண்டு. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் பட்டையோ, அடியில் மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் கையை எடுத்துவிடு. அது பயிற்சி பெற்றவர் வேலை. அங்கே வீரம் காட்டுகிறவன் முட்டாள்.

என் கார் ஏர்பேக்கைக் கேள்விப்படாத காலத்தது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். சீட்டை முன்னே தள்ளிப் பின்பக்கம் இரண்டு போல்ட், பின்னே தள்ளி முன்பக்கம் இரண்டு. கழற்றியதையெல்லாம் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். வீட்டில் வாங்கிய வசவு தனிக்கதை. சாக்கை விரித்துச் சீட்டைக் கிடத்தி, லீவரையும் பக்கத்துப் பிளாஸ்டிக் கவரையும் எடுத்தால், சாய்மானத்தை அடிச்சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று மரை தேய்ந்து பாதி வெளியே நிற்கிறது. இரண்டு மாத நடுக்கமும் இதற்குத்தானா!

அழுக்கைத் துடைத்தேன். தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதற்கு அடையாளம். இத்தனை வருடமும் தூசுக்கு அடியில் அந்த எண் அப்படியே இருந்திருக்கிறது. நீ உன்னை எப்போதாவது துடைத்துப் பார்த்தாயா?

அதே எண், அதே அளவில் புதுப் போல்ட் வாங்கினேன். மாட்டும்போதுதான் சோதனை. அவசரப்பட்டு ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டேன். அடுத்தது ஓட்டைக்கு நேரே வரவே இல்லை. கோபத்தில் சுத்தியலைத் தேடினேன். நல்லவேளை, கிடைக்கவில்லை. டீ குடித்துவிட்டு எல்லாவற்றையும் தளர்த்தி, ஒவ்வொன்றையும் விரலால் நாலு மரை ஏற்றி, பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். வாசலிலேயே பிடித்து உலுக்கினேன். அசையவில்லை.

மறுவாரம் அதே மலை. பெரியார் அருவிக்கு முந்தைய வளைவில் வேண்டுமென்றே முதுகை அழுத்தினேன். சத்தமே இல்லை.

உன் சீட்டு ஆடுகிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்திரு. 14-ம் நம்பர் ஸ்பேனர் பக்கத்து வீட்டில் இருக்கும், போய்க் கேள்!