சாய்த்தால் மின்னும்

மார்கழி பாதி கடந்தால் மேசையை ஒழித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவேன். வழவழப்பான வெள்ளை அட்டை, ரப்பர் ஸ்டாம்புகள், சீக்கிரம் காயாத இங்க் பேட், தங்க நிறத்தில் ஒன்றும் முத்து வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு டப்பா எம்போசிங் பவுடர், ஹீட் கன். பொங்கல் வாழ்த்து பெரும்பாலும் கைபேசிக்குள் போய்விட்டது. தபாலில் ஓர் அட்டை வந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கையால் அட்டை செய்யும் இந்த வேலை.

*

டப்பாவுக்குள் பவுடர் மங்கலாகத்தான் இருக்கிறது. வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் பிசினை நுணுக்கி, நிறமும் மினுங்கும் சில்லுகளும் சேர்த்தது அது. இங்க் பேடில் இருப்பது கிளிசரின் போல மெதுவாகக் காய்கிற திரவம். ஸ்டாம்பை ஒற்றி எடுத்தால் அட்டையில் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஈரத்தின் தடம் மட்டும் தெரியும். அதன்மேல் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, அட்டையைச் சாய்த்து, பின்பக்கம் விரலால் ஒரு சுண்டு. மிஞ்சியதெல்லாம் கீழே விரித்த தாளில் விழுந்து டப்பாவுக்கே திரும்புகிறது. ஈரம் பட்ட கோட்டில் மட்டும் தூள் நிற்கிறது. கொட்டியது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நுனிவிரல் அளவு பூவுக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டியதில்லை.

*

கடற்கரை ஊரில் இந்த வேலைக்குக் காற்றும் ஒரு கூட்டாளி. காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும். வேண்டாத இடத்திலெல்லாம் தூள் ஒட்டும். மெல்லிய துணியில் டால்கம் பவுடரை முடிந்து, ஸ்டாம்ப் வைக்கும் முன் அட்டை மேல் லேசாக ஒற்றிவிட்டால் அந்தத் தொல்லை குறைகிறது. அப்படியும் நிற்கிற ஓரிரு துகள்களை உலர்ந்த தூரிகை நுனியால் தள்ளிவிட வேண்டும். சூடு காட்டுவதற்கு முன்பே தள்ள வேண்டும். உருகி ஒட்டிய பிறகு எதுவும் செய்வதற்கில்லை. இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கலை ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

இதே போலப் பொடி தூவிச் செய்யும் ‘மகி-எ’ என்ற அரக்குக் கலை ஜப்பானில் உண்டு. ஹெயன் காலத்திலேயே, அதாவது 794-க்கும் 1185-க்கும் இடையில், அது தழைத்திருந்தது. உருஷி மரத்தின் பாலால் படம் வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே தங்கப் பொடி தூவுவார்கள். மூங்கில் குழாயின் வாயில் மெல்லிய துணி கட்டி, விரலால் தட்டித் தட்டி உதிர்ப்பார்கள். உருஷி இறுகுவதற்குக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். அதற்கென்றே ஈரமான பெட்டிக்குள் வைப்பார்கள். என் மேசையில் பகையாக இருக்கும் ஈரம் அங்கே வேலையை முடித்துக் கொடுக்கிறது. ஈரக் கோட்டின் மேல் பொடி தூவுகிற கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

*

ஹீட் கன்னை முதலில் வேறு பக்கம் திருப்பிச் சில நொடி சூடேற்றிக்கொள்கிறேன். தலைமுடி உலர்த்தும் டிரையர் இதற்கு உதவாது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் பறந்துவிடும்.

அட்டையை இடுக்கியில் பிடித்து, சற்று உயரத்திலிருந்து சூட்டைக் காட்டுகிறேன். முதலில் எதுவும் நடப்பதில்லை. பிறகு ஒரு மூலையில் சொரசொரப்பு அடங்கி, உறைந்த நெய் இளகுவது போல ஒரு பளபளப்பு எழுகிறது. துகள்கள் தனித்தன்மை இழந்து ஒன்றோடொன்று கூடி, மேற்பரப்பு தானே சமமாகிறது. அந்தப் பளபளப்பின் விளிம்பு கோட்டின் வழியே நகரும். அது நகர நகரக் கையும் பின்னால் போகிறது. கண்ணை எடுக்க முடியாது. போதும் என்று தெரிந்த கணத்தில் விலக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் பிசின் காகிதத்துக்குள் இறங்கி, மேடு தாழ்ந்து, எண்ணெய் பட்டது போல் ஆகிவிடும். இந்தச் சில நொடிகளில் மனத்தில் வேறு ஒன்றும் ஓடுவதில்லை. எனக்கு இதைவிட நல்ல தியானம் அமைந்ததில்லை.

*

எங்கே மின்ன வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. பொங்கல் அட்டை என்றால் எல்லோரும் சூரியனுக்குத் தங்கம் வைப்பார்கள். நான் அதை வெறும் மஞ்சள் வண்ணத்தோடு விட்டுவிடுகிறேன். பானைக்கும் கரும்புக்கும் சாதாரண மை. பானை விளிம்பைத் தாண்டி வழியும் பால் நுரைக்கு மட்டும் முத்து வெள்ளை. வீட்டில் எல்லோர் கண்ணும் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தானே.

முத்துநிறப் பவுடரின் மினுமினுப்புக்குப் பெரும்பாலும் காக்காப்பொன் எனும் அப்பிரகச் சில்லுகள்தான் காரணம். அவற்றின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். பிசின் இளகி ஓடும்போது தட்டையான இந்தச் சில்லுகள் பரப்போடு பரப்பாகப் படிந்துவிடுகின்றன. அதனால் ஒரு கோணத்தில் மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும். மேசையில் கிடக்கும் அட்டையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒருவர் கையில் எடுத்துச் சாய்க்கும்போதுதான் நுரை மின்னும். அட்டையில் பாதி வேலை வாங்குகிறவர் கையில் இருக்கிறது. படம் முழுக்கப் பளபளப்பைப் பூசிவிட்டால் அவர் சாய்த்துப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

*

கண் மங்கிய பெரியவர்களுக்கு அனுப்பும் அட்டையில் அவர்கள் பெயரை எம்போசிங் பேனாவால் எழுதி, தூள் தூவி உருக்குகிறேன். மேடான எழுத்தைக் கட்டைவிரல் தேடிப் போய்த் தடவும். கல்யாணப் பத்திரிகைகளில் கைக்குத் தட்டுப்படும் எழுத்துகள் பலவும் இதே முறைதான். அச்சகத்தில் அதைத் தெர்மோகிராஃபி என்பார்கள். ஈர மை மேல் தூள் தூவி, சூடான அடுப்புப் பாதைக்குள் தாளை ஓட்டுவார்கள். அச்சுக்கட்டையால் அழுத்தி எழுப்பிய எழுத்தென்றால் தாளின் பின்பக்கம் பள்ளம் இருக்கும். உருக்கிய எழுத்துக்குப் பின்பக்கம் சமமாக இருக்கும். பத்திரிகை கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

*

இதுவும் பிளாஸ்டிக்தான் என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில், மக்காத பிளாஸ்டிக் ஜிகினாத் தூளைத் தனியாக விற்பதற்குத் தடை கொண்டுவந்தது. உருகி ஒட்டிய பவுடர் ஜிகினா போல உதிர்ந்து ஊரெல்லாம் போவதில்லை. ஆனால் மேசையில் சிந்தியது சிந்தியதுதான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்பாமல், தூரிகையால் கூட்டித் தாளில் மடித்து எடுக்கிறேன். டப்பா தீர்ந்தால் அடுத்தது வாங்குவதற்கு முன் ஒரு முறை யோசிக்கவும் செய்கிறேன்.

*

மடிப்பை முதலிலேயே போட்டுவிட வேண்டும். உருகி இறுகிய கோடு வளைந்தால் விரிசல் விடும். உறைக்குள் வைக்கும்போது நுரைக்கு மேல் ஒரு மெல்லிய தாள். இந்த ஆண்டுப் பட்டியலில் இன்னும் மூன்று பெயர்கள் பாக்கி. அதில் ஒன்றுக்குப் புது முகவரி கேட்டு வாங்க வேண்டும்.