இராகேலின் அழுகையும் செபமே

உலகம் நிலைகுலையும்போது செபிப்பதனால் ஆவதென்ன? செபம் துணிவற்றோரின் ஒளிவிடமா? போர்ச்செய்திகளைக் கேட்கும்தோறும் நம் உள்ளத்தில் எழும் இவ்வினா, செங்கற்பட்டுக் கடற்கரைக்குப் புதிதன்று.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்ப விழா. சுமத்திரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் காலை 9 மணியளவில் நம் கரையை அடைந்தன. மாமல்லபுரத்தில் உள்வாங்கிய கடல், அதுவரை காணாத பாறைகளைக் காட்டிவிட்டுச் சீறித் திரும்பியதைக் கண்டவர் உண்டு. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குச் செபிக்க வந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். செபித்தவரையும் கடல் கொண்டதேன் என்ற கேள்விக்கு நம்மிடம் அன்றும் விளக்கமில்லை, இன்றும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "இது இறைவனின் தண்டனை" என்பது விளக்கமன்று, கொடுமை.

அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்தி, திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்ற பகுதியாகும். உலகில் ஏரோதுகள் ஏன் இருக்கிறார்கள் என்று வானதூதர் சூசையப்பருக்கு விளக்கவில்லை. பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்படவே பணித்தார். அவரும் அவ்விரவே எழுந்தார். செபம் தருவது விளக்கமன்று, எழும் வலிமை.

தப்பாத குழந்தைகள்? டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. அந்நாளில் நம் கரையெங்கும் அடக்கங்கள் நடந்துகொண்டிருந்தன. பெத்லகேமின் அழுகையைச் சொல்லும் மத்தேயு, எரேமியா காட்டிய இராகேலை நினைவூட்டுகிறார். ஆறுதல் பெற மறுக்கும் அத்தாயை மறைநூல் கண்டிக்கவில்லை. கேட்பவர் ஒருவர் உண்டென நம்புவோரே முறையிடுவர். எரேமியாவும் அவள் அழுது முடிக்குமுன் அவளை அடக்கவில்லை. அழுகையைக் கேட்ட பின்னரே நம்பிக்கையை அறிவிக்கிறார்.

அழவும் சொல்லற்ற நாள்கள் உண்டு. 13 ஆண்டுகள் சிறையிலும், அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமையிலும் கழித்த வியட்நாமின் கர்தினால் வான் துவான், செபிக்க இயலாத நீண்ட காலங்களில் பரலோக மந்திரத்தையும் அருள் நிறைந்த மந்திரத்தையுமே பற்றிக்கொண்டார்.

அன்பர்களே, பரலோக மந்திரத்தில் 'எனக்கு' என்ற சொல்லே இல்லை. 'எங்களுக்கு' என்பதே உண்டு. அதைச் சொல்லும்போது கடலில் கணவனை இழந்தவளுக்கும், உக்ரைனுக்கும், காசாவுக்கும், மணிப்பூருக்கும் சேர்த்தே உணவு கேட்கிறோம். கேட்டபின் கைகட்டி நிற்க இயலுமா? செபிப்போம், சூசையப்பரைப் போல் இரவிலேயே எழுவோம்.