சுவடும் அறமும்

ஓர் உயிரைத் தீண்டாமலே அதனை அறிதல் கொல்லாமைக்கு இசைந்த அறிவன்றோ? ஆயினும் அவ்வறிவு ஒன்றே அறமாகிவிடுமா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒடிசா வனத்துறை அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி, காலடிச் சுவட்டைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். மண்ணிற் பதிந்த சுவட்டில், நீரிற் குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வார்த்து, இறுகியபின் எடுத்தால் அடியின் அச்சு கிடைக்கும். விலங்கிற்கோ சிறு துன்பமும் இல்லை. 1972ஆம் ஆண்டு இம்முறையால் நாட்டில் 1,827 புலிகள் எனக் கணக்கிட்டனர். ஆனால், களவாக வேட்டையாடுவோனும் அதே சுவட்டைக் கண்டே பொறி வைத்தான். ஏட்டளவில் புலிகள் வாழ்ந்த சரிஸ்கா காட்டில் 2005ஆம் ஆண்டு ஒன்றேனும் இல்லை.

கீழவாஞ்சூர் முதலிய நம் கடலோரத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். தை, மாசித் திங்களில் பங்குனி ஆமை இரவிலே கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு மீளும். அது விட்டுச் சென்ற தடம் விடியலில் இருவருக்கு வழிகாட்டுகிறது: முட்டையைக் கவர்வோனுக்கும், அதனைக் காப்போனுக்கும். தடம் ஒன்றே, நெஞ்சம் வேறு.

நன்ஞானத்தை நல்லொழுக்கத்தினின்று பிரியாது வைத்த பெரியோர் கருத்தும் இதுவே. அறிந்ததைக் கொண்டு யாது செய்கிறோம் என்பதிலேயே கொல்லாமை நிலைபெறுகின்றது.