கலவைக் கிண்ணமும் மனச்சாட்சியும்



வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதப் பாதையோரமாக இருக்கிறது றொசல்ல. அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கசிப்புக்குக் கணவனைப் பறிகொடுத்தவள். கொழுந்து பறித்தே மகனைப் படிக்க வைத்தவள். இன்று அவன் ஸ்கொட்லாந்திலே, கிளாஸ்கோ நகரில் படித்துக்கொண்டே ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். ஒருநாள் அவனிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. ஆற்றோரத்து விஸ்கி வடிசாலையொன்றில் மதுவகைகளைக் கலக்கப் பழக்கும் 'கொக்டெயில்' வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறான். கையிலே மின்னும் குவளை, முகத்திலே சிரிப்பு. தாய் கேட்கிறாள்: "ஒங்கப்பாவக் கொண்டுபோனதக் காசு குடுத்தாடா படிக்கிற?"

இந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

அந்த ஊரும் நமக்கு அந்நியமானதல்ல. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் பிறந்தது கிளாஸ்கோவில். அக்கரப்பத்தனையிலே கிளாஸ்கோ என்ற பெயரில் ஒரு தோட்டமே உண்டு. துரைமார் தேயிலையோடு விஸ்கியையும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய கிளப்பில் அது கௌரவமாயிற்று. தொழிலாளிக்குத் தவறணைச் சாராயம் கிடைத்தது. அக்காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானமாக இருந்தது. ஆயினும் குடிகாரன் என்ற பெயர் தொழிலாளிக்கே வந்தது.

இன்றும் நம் கணிப்பு அப்படித்தான் இருக்கிறது. கிளாஸ்கோவில் கிளைட் ஆற்றங்கரையில், துறைமுகத்துக்காக 1877இல் கட்டிய பழைய பம்பு நிலையத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு விஸ்கி வடிசாலை திறக்கப்பட்டது. மக்கள் கட்டணம் செலுத்தி அதைச் சுற்றிப் பார்த்துச் சுவைக்கிறார்கள். அதற்கு நாம் 'கலை' என்று பெயர் சொல்கிறோம். லயத்துக் கோடியில் குடிப்பவனைக் கண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கிண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நீதியாகுமா?

ஒரு செயல் நல்லதா கெட்டதா என்று அறிய மூன்றைப் பார்க்க வேண்டும் என்று நம் ஞானோபதேசம் கற்பிக்கிறது. அவை செயல், நோக்கம், சூழ்நிலை.

முதலில் செயல். தீமைக்கு மட்டுமே பயன்படக்கூடிய பொருளைச் செய்வது பாவம். நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய வாளையோ அம்பையோ செய்யும் தொழில் பாவமாகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். மதுவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. கானாவூர்க் கலியாணத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, எலுமிச்சம்புளியும் சீனிப்பாகும் விஸ்கியும் பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கக் கற்பதை மட்டும் கொண்டு அந்த மகனைப் பாவி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது நோக்கம். பிழைப்புக்காகக் கற்கிறானா, பகட்டுக்காகவா, அல்லது குடிக்க ஒரு மரியாதையான சாக்குத் தேடியா? இதற்கு அவனுடைய மனச்சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாகிய சூழ்நிலையிலேதான் தாயின் கண்ணீர் நிற்கிறது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை நினைத்துப் பாருங்கள். உண்பதிலே குற்றமில்லை, ஆயினும் அது பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை விட்டுவிடுவதே அன்பு என்பது அவர் போதனை. மகன் கற்றதில் குற்றமில்லை. ஆனால் தகப்பனைக் குடியால் இழந்த வீட்டுக்கு அந்தப் படத்தைச் சிரிப்போடு அனுப்பியதிலே அன்பு குறைந்துபோயிற்று.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். அந்த வகுப்பில் முக்கியமான பாடம் அளவு. ஒரு சிறு அளவுக் குவளையால் அளந்தே ஊற்ற வேண்டும். அந்நாட்டு மதுச்சாலைகளில் விஸ்கியை 25 அல்லது 35 மில்லிலீற்றர் என்ற கணக்கிலே விற்க வேண்டும் என்பது சட்டம். வெறித்திருப்பவன் என்று தெரிந்தும் அவனுக்கு ஊற்றிக் கொடுப்பது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வடிசாலையிலும் கொதிகலனிலிருந்து முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதையே எடுப்பார்கள். கசிப்புக் காய்ச்சுபவனோ எதையும் ஒதுக்குவதில்லை, எதையும் அளப்பதில்லை. 'போதும்' என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. ஒரு போத்தல் சாராயம் வாங்க ஒரு நாள் சம்பளம் போதாத மலைநாட்டில், மலிவானதைத் தேடி மனிதன் அங்கேதான் போகிறான்.

ஆகவே அம்மகனுக்கு ஒன்று சொல்வோம். தம்பி, இந்தத் தொழிலைச் செய்வாயானால், கலக்கும் கலையைவிட 'போதும், அண்ணே' என்று சொல்லி மறுக்கும் கலையை நன்றாகக் கற்றுக்கொள். உன் முன்னால் வந்து நிற்பவன் இன்னொரு பிள்ளையின் தகப்பன் என்பதை மறவாதே.

அத்தாய்க்கும் சொல்வோம். அம்மா, உன் மகன் பாவம் செய்யவில்லை. ஆனால் உன் கேள்வி வீணானதல்ல. அவன் ஒவ்வொரு கிண்ணத்தை நிரப்பும்போதும் அக்கேள்வி அவன் காதில் ஒலிக்கட்டும்.

வாசகர்களே, நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கலாகாது என்று நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு சட்டம் வந்தது. ஆனால் திருநாளிலும் கலியாண வீட்டிலும் விருந்தாளிகளுக்குப் போத்தலை எடுத்துவரும்படி நாம் ஏவுவது யாரை? நம்முடைய சிறுவர்களைத்தான். கிளாஸ்கோவிலே ஒருவன் பணம் கட்டிக் கற்கும் பாடத்தை நாம் வீட்டிலே இலவசமாய்க் கற்பிக்கிறோம். அளவை மட்டும் கற்பிப்பதில்லை. அடுத்த விருந்துக்கு முன் இதைக் குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்.